வாங்கிலிருந்து சொன்னது

பிரசாரம் என்ற சொல்லை நான் பள்ளிக்கூடத்தில் படிக்கவில்லை. ஆறாம் வகுப்போடு நின்றுவிட்டவன் நான். அந்தச் சொல் வருகிற பாடம்வரை போய்ச் சேரவில்லை. அதைச் சுருட்டுக் கொட்டிலில்தான் பழகினேன். அங்கே ஒரு நாளைக்குப் புகையிலை என்ற சொல் எத்தனை தரம் கேட்குமோ, அத்தனை தரம் பிரசாரமும் கேட்கும்.

யாழ்ப்பாணத்தில், உரும்பிராயிலிருந்து கோப்பாய்க்குப் போகும் தெருவில் இருந்தது எங்கள் முதலாளியின் கொட்டில். மடியில் பலகையை வைத்துக்கொண்டு வரிசையாக நிலத்தில் சப்பணமிட்டு இருப்போம். புகையிலையிலிருந்து காம்பு வாருகிறவர்கள் ஒரு பக்கம், சுருட்டுகிறவர்கள் ஒரு பக்கம். கைக்கும் கண்ணுக்கும் ஓயாத வேலை. காதுக்கு மட்டும் வேலையில்லை. அதனால் யாராவது ஒருவர் பேப்பர் வாசிக்க வேண்டும். அக்கம்பக்கத்துக் கொட்டில்களிலும் அதுதான் வழக்கம். வாசிக்கிறவன் அந்த நேரத்தில் சுருட்டியிருக்கக்கூடியதை மற்றவர்கள் தங்கள் கையால் சுருட்டி அவன் பங்கில் போட்டுவிடுவார்கள்.

எங்கள் வாசிப்புக்காரர் கொழும்பில் ஒரு கடைக்கு வேலைக்குப் போனபின், என் குரல் தெளிவாக இருக்கிறது என்று என்னை ஏற்றிவிட்டார்கள். ஏற்றிவிட்டார்கள் என்றால் உண்மையாகவே ஏற்றிவிட்டார்கள். வாசிக்கிறவனுக்கென்று கதவடியில் ஒரு வாங்கு, நீள மர இருக்கை, கிடந்தது. அதில் ஏறி இருந்தால்தான் கடைசிப் பலகைக்கும் குரல் போகும்.

அந்த வாங்குக்கு ஒரு சட்டம் இருந்தது. யார் போட்டது என்று தெரியாது. வாங்கில் இருக்கிறவன் பேப்பரில் உள்ளதைத்தான் சொல்லலாம். கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. தலைப்பிலிருந்து, கடைசியில் அச்சகத்தின் விலாசம் இருக்குமே, அதுவரைக்கும் வாசிக்க வேண்டும். அபிப்பிராயம் இருந்தால் இறங்கி வந்து தன் பலகையில் இருந்துகொண்டு எவ்வளவும் கதைக்கலாம், ஏசலாம், சண்டை பிடிக்கலாம். ஒருமுறை வாங்கில் இருந்தபோது எனக்கு இருமல் வந்துவிட்டது. ஒருவர் தலை நிமிராமலே, "உதுவும் பேப்பரிலை கிடக்கோ தம்பி?" என்று கேட்டார். கொட்டில் முழுவதும் சிரித்தது. நான் சிரிக்கவில்லை. நான் பயந்த சுபாவம். வாசிக்க முன்னம் தண்ணீர் குடித்தால் நடுவில் எழும்ப வேண்டி வருமோ என்று பயம். குடிக்காவிட்டால் தொண்டை அடைக்குமோ என்று பயம். ஒவ்வொரு பேப்பரையும் முதலே ஒருதரம் மனதுக்குள் வாசித்து, கால் தடுக்கக்கூடிய இடங்களைப் பார்த்து வைத்துக்கொண்டுதான் ஏறுவேன்.

சிங்களம் மட்டும் என்ற மொழிச் சட்டம் வந்து சில வருடங்கள் ஆகியிருந்த காலம். தேர்தல்கள் ஒன்றின் பின் ஒன்றாக வந்தன. எங்கள் கொட்டிலில் பெரும்பாலானவர்கள் தமிழ்க் கட்சி. அவர்களுக்கு முன்னால் நின்றவர் என் அக்காவின் கணவர், என் அத்தான். மூலைப் பலகையில் இருந்த ஒருவரும், அவரோடு ஒட்டிய இரண்டொருவரும் சிவப்புக் கட்சி. அந்த மூலைப் பலகைக்காரரை எல்லோரும் தோழர் என்று கூப்பிடுவார்கள். பகிடிக்குக் கூப்பிடத் தொடங்கி, பிறகு அதுவே அவருக்குப் பேராகிவிட்டது. எந்த நேரமும் தோளில் ஒரு சிவப்புச் சால்வை கிடக்கும். வியர்வை துடைக்கவும் அதுதான், கட்சிக்கொடியும் அதுதான் என்பார் அத்தான்.

இரண்டு கட்சிக்கும் சின்னதாக ஒவ்வொரு வாரப்பத்திரிகை இருந்தது. இரண்டையும் வாசிக்க வேண்டும் என்பது ஒப்பந்தம். தமிழ்க் கட்சிப் பேப்பரை வாசித்தால் தோழர் இலை வெட்டும் கத்தியின் பிடியால் பலகையில் தட்டுவார். சிவப்புப் பேப்பரை வாசித்தால் அத்தான் பெரிதாகக் கொட்டாவி விடுவார். பிறகு இருவருமாகச் சேர்ந்து என்னைப் பிடிப்பார்கள். எங்கள் தலைவரின் பேச்சை வாசிக்கும்போது குரலைத் தாழ்த்தினாய், அது பிரசாரம் என்பார் அத்தான். அவருடைய தலைவரின் பெயருக்குப் பிறகு மூச்சு வாங்கினாய், அது கைதட்டலுக்கு இடம் விட்டது, அதுவும் பிரசாரம் என்பார் தோழர். முற்றுப்புள்ளியில் கூடுதலாக நின்றேன் என்றுகூட ஒருநாள் வழக்கு நடந்தது. கடைசியில் நான் குரலை ஏற்றாமல் இறக்காமல், செத்தவீட்டு அறிவித்தல் சொல்லுகிறவன்போல ஒரே சீராக வாசிக்கப் பழகிக்கொண்டேன். அத்தான் அதற்கும் சொன்னார்: "மச்சான், எங்கடை பேப்பரை மட்டும் ஏன் செத்தவீடு மாதிரி வாசிக்கிறாய்?"

இவ்வளவு சண்டைக்கும் பிறகு இருவரும் ஒரே தேத்தண்ணிக் கேத்தலில்தான் குடித்தார்கள். அத்தானின் கத்தி மழுங்கினால் தோழர்தான் தீட்டிக் கொடுப்பார். அதை நான் சாதாரணமாக எடுத்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் சந்தை வெளியில் தமிழ்க் கட்சியின் கூட்டம் நடந்தது. வேலை முடிந்து கொட்டிலில் பாதிப்பேர் அங்கே போனோம். தோழரும் வந்தார். மற்றவர்கள் என்ன பொய் சொல்லுகிறார்கள் என்று கேட்டால்தானே மறுமொழி சொல்லலாம் என்று, எல்லாக் கூட்டத்துக்கும் போகிறவர் அவர். தார்ப் பீப்பாய்களின் மேல் பலகைகளை அடுக்கி மேடை போட்டிருந்தார்கள். தலைமை தாங்கியவர் எங்கள் ஊரில் வேலையிலிருந்து இளைப்பாறிய தபாலதிபர். வெள்ளை வேட்டியும் மூக்குக் கண்ணாடியுமாகக் கதிரையிலிருந்து எழும்பி ஒரு அடி முன்னுக்கு வைத்தார். பலகை வழுவியது. நான் மேடைக்குப் பக்கத்தில்தான் நின்றேன். அந்தப் பலகை ஒரு பக்கம் மேலெழும்பியதைக் கண்ணால் கண்டேன். அவர் சரிந்து, பீப்பாயின் விளிம்பில் தலை அடிபட்டு, கீழே வந்தார். பெற்றோல்மாக்ஸ் விளக்கும் கூடவே விழுந்து அணைந்தது.

மைம்மல் இருட்டில் சனம் கத்தியது. ஆளை முதலில் போய்த் தூக்கியவர் தோழர். தன் சிவப்புச் சால்வையை உருவி அவருடைய தலையைச் சுற்றிக் கட்டினார். தலையைத் தோழர் பிடிக்க, காலை அத்தான் பிடிக்க, இருவருமாகத்தான் காரடிக்குக் கொண்டுபோனார்கள். நான் செருப்பையும் கண்ணாடியையும் பொறுக்கிக்கொண்டு பின்னால் ஓடினேன். தோழர் காரில் கூடவே ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பி வரும்போது அவர் கை முழுக்க இரத்தம். அத்தான் கிணற்றில் தண்ணீர் அள்ளி அவர் கையில் ஊற்றினார்.

அந்த வாரம் தமிழ்க் கட்சிப் பேப்பர் பிந்தி வந்தது. எல்லோரும் பலகையோடு காத்திருந்ததால், முதலே பார்த்து வைக்க எனக்கு நேரம் கிடைக்கவில்லை. நெஞ்சு இடித்தது. வாங்கில் ஏறி முன்பக்கத்திலிருந்து வாசிக்கத் தொடங்கினேன். எங்கள் சந்தைக் கூட்டத்தின் செய்தி நடுவில் வந்தது. என் வாய் முன்னுக்குப் போக, விளக்கம் பின்னால் வந்தது. சிவப்புக் கட்சிக் காடையர்கள் கூட்டத்தைக் குழப்பினார்களாம். சுருட்டுக் கொட்டில் ஒன்றில் வேலை செய்யும் சிவப்புச் சால்வைக்காரன் ஒருவன் எறிந்த கல், முதியவரான தலைவரின் மண்டையை உடைத்ததாம். இரத்தம் தோய்ந்த கையோடு அவன் இருளில் ஓடியதைப் பலர் கண்டார்களாம்.

எழுத்துக்கள் பேப்பரில் இருந்தன. அச்சடித்திருந்தது. மற்றப் பந்தியில் வெங்காய விலை சரியாக இருந்தது, அடுத்த கூட்டத்தின் இடம் சரியாக இருந்தது. இது மட்டும் எப்படி இப்படி? அடுத்த செய்திக்குப் போக வாயைத் திறந்தேன். வந்தது வேறு. அதே சீரான குரலில், வாசிக்கிற குரலில், நான் சொன்னேன்: "கல் எதுவும் எறியப்படவில்லை. பலகை வழுவியே தலைவர் விழுந்தார்."

ஒரு கணம் அதுவும் பேப்பரில் இருப்பதாகவே எல்லோரும் நினைத்தார்கள். பிறகு கைகள் ஒவ்வொன்றாக நின்றன. சுருட்டுக் கொட்டிலில் எல்லாக் கையும் ஒன்றாக நிற்பது முதலாளி செத்தால் மட்டும்தான் நடக்கும் என்று நான் நினைத்திருந்தேன்.

"உது ஆர் சொன்னது?" என்று கேட்டார் காம்பு வாரும் கிழவர். "பேப்பரோ, நீயோ?"

நான்தான் என்றேன்.

அத்தான் பலகையை மடியிலிருந்து இறக்கி வைத்தார். "வாங்கிலை இருந்துகொண்டோ? மச்சான், உது பச்சைப் பிரசாரம்."

நான் மூலையைப் பார்த்தேன். தோழராவது ஒரு சொல் சொல்லுவார் என்று பார்த்தேன். அவருடைய முகம் சாம்பலாய் இருந்தது. கத்தியின் பிடியால் பலகையில் மெல்ல ஒரு தட்டுத் தட்டினார். என் பக்கம் பார்த்துத்தான் தட்டினார். "பேப்பரிலை உள்ளதை வாசி தம்பி," என்றார். "மிச்சத்தை வாசி."

மிச்சத்தை வாசித்தேன். அச்சக விலாசம்வரை வாசித்தேன். பேப்பரில் இருந்த பொய்யைச் செய்தி என்றார்கள். நான் சொன்ன உண்மையைப் பிரசாரம் என்றார்கள். இறங்கி என் பலகைக்குப் போய் இருந்துகொண்டு அதே சொல்லைச் சொல்லியிருந்தால் வெறும் கதையாகப் போயிருக்கும். யாராவது ஓம் என்றும் சொல்லியிருப்பார்கள். வாங்கிலிருந்து சொன்னதால் நான் பேப்பருக்குள் கள்ளமாகப் புகுந்தவன் ஆகிவிட்டேன்.

அன்று பின்னேரம் அக்கா வீட்டுக்குப் போய் அத்தானிடம் நேரே கேட்டேன். நீங்கள்தானே காலைப் பிடித்தீர்கள் என்றேன். அத்தான் பொய் சொல்லுகிற மனிதர் அல்ல. அவர் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது: "பிடிச்சனான்தான். ஆனா பிடிக்கிறதுக்கு முன்னம் என்ன நடந்ததெண்டு நான் பாக்கேல்லையே மச்சான். ஏதோ ஒண்டு விர்ரெண்டு போன சத்தம் கேட்டதுதானே."

அப்படியொரு சத்தம் கேட்டதாகக் கூட்டத்திலிருந்து வரும் வழியில் அவர் சொல்லவில்லை. பலகை அடுக்கினவனை ஏசிக்கொண்டுதான் வந்தார். நான் அதை நினைவுபடுத்தியதும் அக்கா, சாப்பாட்டு நேரத்தில் அரசியல் வேண்டாம் என்று தடுத்துவிட்டாள்.

அடுத்தடுத்த நாள்களில் கொட்டிலில் அந்தச் சத்தத்தைக் கேட்டவர்கள் கூடிக்கொண்டு போனார்கள். ஒருவருக்குக் கல் காதடியால் போனது. இன்னொருவருக்குத் தோழர் கையை ஓங்கியது தெரிந்தது. அவர் கூட்டத்துக்கே வராதவர் என்று எனக்குத் தெரியும். தோழருக்குப் பக்கத்தில் இருந்தவர் தன் பலகையை நகர்த்தினார். தேத்தண்ணிக் கேத்தல் மூலைக்குப் போகாமல் திரும்பியது. கடைசியில் சிலர் முதலாளியிடம் போய், உவரோடு ஒரே கூரைக்குக் கீழே இருக்க ஏலாது என்று சொல்லிவிட்டார்கள்.

முதலாளிக்கு எந்தக் கட்சியும் இல்லை. சுருட்டுப் போக வேண்டும், அவ்வளவுதான். அடிபட்ட ஆளே கல் இல்லை என்று சொன்னால் தோழர் இருக்கலாம், இல்லையென்றால் வேறு கொட்டில் பார்க்கட்டும் என்றார். போய்க் கேட்டு வரச் சொல்லி என்னைத்தான் அனுப்பினார்.

எனக்கு உள்ளூரச் சந்தோஷம். விழுந்தவருக்குத் தெரியாதா தான் எப்படி விழுந்தது என்று? தபாலதிபர் விறாந்தையில் சாய்மனைக் கதிரையில் இருந்தார். தலையில் கட்டு. பக்கத்தில் அதே பேப்பர். நான் மெல்ல விஷயத்தைச் சொன்னேன். ஒரு மனிதரின் பலகை உங்கள் வாயில்தான் இருக்கிறது ஐயா என்றேன். அவர் உள்ளே பார்த்துக் குரல் கொடுக்க, மகள் ஒரு சிவப்புச் சால்வையைத் தோய்த்து மடித்துக் கொண்டுவந்தாள். "அவரிட்டைக் குடுத்துவிடும் தம்பி. நல்ல மனுசன். என்ரை தலையை மடியிலை வைச்சுக்கொண்டுதான் காரிலை வந்தவர்," என்றார்.

அப்படியென்றால் கல் இல்லைத்தானே ஐயா என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் பொறுக்கிக் கொடுத்த கண்ணாடி. "எனக்கு விழுந்தது மட்டும்தான் தெரியும். கல்லெண்டு பேப்பரிலை போட்டிருக்கினம். பாக்காமலோ எழுதுவினம்?"

தன் மண்டையில் பட்டது என்ன என்பதையே மனிதர் பேப்பரைப் பார்த்து அறிந்துகொண்டிருந்தார். அந்தப் பேப்பர்க்காரர் ஒருவரும் அன்று சந்தை வெளிக்கு வரவில்லை என்றேன். அப்படியென்றால் வந்தவர்கள் யாரோ சொல்லியிருப்பார்கள் என்றார். என் மேலே அவருக்குக் கோபமில்லை. தேத்தண்ணி குடித்துவிட்டுப் போகச் சொன்னார்.

கொட்டிலுக்கு வந்து இந்த முறை வாங்கின் பக்கமே போகவில்லை. நிலத்தில் நின்றேன். தோழர் தன் தலையை மடியில் வைத்துக்கொண்டு வந்ததாகத் தபாலதிபர் சொன்னதையும் கல்லைப் பற்றிச் சொன்னதையும், கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன். சால்வையை எடுத்து நீட்டினேன். இதைப் பார்த்தாவது நம்புவார்கள் என்று நினைத்தேன். எறிந்தவன் தன் சால்வையால் கட்டுவானா? சால்வை கையிலிருந்து கைக்குப் போனது. தோய்த்தும் போகாத கறை அதன் நடுவில் கறுத்துக் கிடந்தது. காம்பு வாரும் கிழவர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"பாத்தியளே," என்றார். "இரத்தம்."

யாரும் சிரிக்கவில்லை. ஓம் ஓம் என்று இரண்டு மூன்று தலைகள் ஆடின. கல்லெறிந்ததற்குச் சாட்சி கிடைத்துவிட்டது. அதைக் கொண்டுவந்து கொடுத்தவன் நான்.

தோழர் எழும்பினார். சால்வையை வாங்கி உதறித் தோளில் போட்டார். கத்தியைத் துடைத்து மடியில் செருகினார். பலகை முதலாளியுடையது, அதைச் சுவரில் சாய்த்து வைத்தார். வாசலில் நின்று என்னைப் பார்த்து, "எங்கடை பேப்பர் இந்த முறை வரும். அதையும் ஒழுங்கா வாசி," என்றார். அவ்வளவுதான். வட்டுக்கோட்டைப் பக்கத்தில் ஒரு கொட்டிலில் இடம் இருப்பதாக யாரோ சொல்லி, அங்கே போய்விட்டார்.

சிவப்புப் பேப்பர் வந்தது. அதை வாசிக்கத் தேவையில்லை என்றார்கள் சிலர். ஒப்பந்தம் ஒப்பந்தம்தான் என்றார் அத்தான். அந்த விஷயத்தில் அவர் நேர்மையானவர். ஏறி இருந்தேன். இந்த முறை முதலே பார்த்திருந்தேன். ஒரே சீராக வாசித்தேன். விபத்தில் விழுந்த முதியவரைத் தூக்கப் போன தொழிலாளி ஒருவரை, இனவாதக் காடையர்கள் சுற்றி வளைத்துத் தடியால் தாக்கினார்களாம். அவருடைய சால்வை அவருடைய சொந்த இரத்தத்திலேயே தோய்ந்ததாம். அந்த நிலையிலும் அவர் தனி ஒருவராக முதியவரைத் தூக்கிக்கொண்டு...

"பொய்!" என்று எழும்பிவிட்டார் அத்தான். மடியிலிருந்த இலையெல்லாம் சிதறியது. "பச்சைப் பிரசாரம். தனிய எங்கை தூக்கினவர்? தலையை அவர் பிடிச்சார், காலை நான் பிடிச்சனான். ஆர் அவரை அடிச்சது? ஒருத்தரும் தொடேல்லை. பலகை வழுவி மனுசன் விழுந்தது, நாங்கள் ரண்டுபேருந்தான் தூக்கினது!"

சொல்லி முடித்த பிறகுதான் சொன்னது அவருக்கே கேட்டது. நின்றபடியே நின்றார். கொட்டிலில் எல்லாக் கையும் நின்றது, இரண்டாம் தரம். மூலையில் வெறும் பலகை சுவரில் சாய்ந்து கிடந்தது. அதைப் பார்க்காமல் இருக்க எல்லோரும் பாடுபட்டார்கள். காம்பு வாரும் கிழவர் என்னைப் பார்த்துக் கையைக் காட்டினார். நான் மிச்சத்தை வாசித்தேன்.

வேலை முடிந்ததும் அத்தான் கைகூடக் கழுவாமல் சைக்கிளை எடுத்தார். நான் பின்னால் கரியரில் ஏறிக்கொண்டேன். வட்டுக்கோட்டைவரை நிறுத்தாமல் மிதித்தார். புதுக் கொட்டிலின் வாசலில் தோழர் எங்களைக் கண்டு வெளியே வந்தார். அத்தான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு, கொட்டிலில் எல்லோருக்கும் முன்னால் உள்ளதைச் சொல்லிவிட்டேன், திரும்பி வாரும் என்றார். பிறகு தாங்க முடியாமல் கேட்டார்: "உம்மை அடிச்சதெண்டு உங்கடை பேப்பரிலை கிடக்கே. ஆர் ஐசே உம்மை அடிச்சது?"

தோழர் சால்வையை எடுத்து முகத்தைத் துடைத்தார். கறை பக்கம் வெளியே வராமல் மடித்துத்தான் போட்டிருந்தார்.

"நான் அப்பிடிச் சொல்லேல்லை," என்றார். "பேப்பர்க்காரர் எழுதிப்போட்டு எனக்கு வாசிச்சுக் காட்டினவை."

"பிறகு?"

"கேட்டுக்கொண்டு இருந்தனான்."

எனக்குத் தோழரைப் பார்க்கவும் முடியவில்லை, பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை. வருடக்கணக்காக என் மூச்சையும் முற்றுப்புள்ளியையும் பிடித்து வழக்குப் பேசிய மனிதர். தன் முதுகில் விழாத அடியை ஒருவர் வாசிக்கக் கேட்டுக்கொண்டு சும்மா இருந்திருக்கிறார். உள்ளேயிருந்து யாரோ வாசிக்கும் சத்தம் வந்தது. அந்தக் கொட்டிலிலும் வாசிப்பு நடந்துகொண்டிருந்தது. அவர் திரும்பிப் பார்த்துவிட்டு, கை நிற்கக் கூடாது, போகிறேன் என்றார்.

போக முன்னம் அத்தான் மடியிலிருந்து தன் கத்தியை எடுத்து நீட்டினார். மழுங்கியிருந்தது. தோழர் அதை வாங்கி, வாசற்படிக் கல்லில் குந்தியிருந்து, தீட்டிக் கொடுத்தார். எங்கள் கொட்டிலுக்கு அவர் திரும்பி வரவில்லை. நான் அதற்குப் பிறகும் பல வருடம் வாங்கில் இருந்தேன். கல்லெறிந்த கதையை ஊரில் சொல்லுகிறவர்கள் இருந்தார்கள், தடியால் அடித்த கதையைச் சொல்லுகிறவர்களும் இருந்தார்கள். இரண்டையும் கேட்கும்போது நான் அந்தப் பலகை ஒரு பக்கம் எழும்பியதை நினைத்துக்கொள்வேன். எழும்பியது வலப்பக்கமா இடப்பக்கமா என்று இப்போது எனக்குச் சந்தேகம் வருகிறது. அது வரும்போதெல்லாம் நெஞ்சு இடிக்கிறது.